கொம்பு, நாளுக்கொரு சோடி

மெழுகுதிரி, கைதுடைக்கும் கடதாசி, நுளம்புச் சுருள்,
அதற்குக் கீழே
கொம்பு, சோடி ஒன்று.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
'முடிந்துபோகும் பொருட்கள்' என்றார் முகாமையாளர்,
முறிகிறதுதானே.

புளியந்தீவில் வாவியைப் பார்த்த புல்தரை.
பக்கத்தில் கோட்டை; அதற்கும் இப்போது
இரவில் மஞ்சள் வெளிச்சம்.
பருவம் முடியும்வரை ஐந்தரைக்குக் கொம்புமுறி.
ஐந்து ஐம்பதுக்கு ஒன்று முறிந்தாக வேண்டும்,
ஆறு மணிக்குக் காத்தான்குடி றமீஸ்
இறால் சுடத் தொடங்குவார்.

கோயில் வெளியில் என்றால் இப்படியா?
மழை பொய்த்து, ஊரில் அம்மை கண்டு,
கண்ணகை அம்மன் கேட்டால்தான்
வளைவு தேடிக் காட்டுக்குப் போவார்கள்.
இழுத்து இழுத்து விடிந்தும் போகும்.
தோற்ற சேரிக்குப் பாடும் வசை
பூட்டன் வரைக்கும் போய்க் கடிக்கும்.
மறுகா முழுகிவிட்டு எல்லாருக்கும் ஒரே பந்தி.

'வசை வேண்டாம், விருந்தாளிகள் இருக்கிறார்கள்.'
சரி, வசை இல்லை.
திங்கள் வடசேரி வெல்லும், செவ்வாய் தென்சேரி.
உள்வளைவில் அரை அங்குலம் அறுத்து
மெழுகு அடைப்பது ரொசைரோவின் வேலை.
வாளின் தேய்மானம் எழுதுவது என் வேலை.

திட்ட அலுவலர் ஒரு படிவம் தந்து போனார்.
'அருவ மரபு' என்று அதில் ஒரு பெட்டி.
அருவம் என்றால் தொட முடியாததாம்.
என் களஞ்சியத்தில் நாற்பது கொம்பு கிடக்கிறது,
தொட்டால் சிராய் ஏறும்.

சனிக்கிழமை
ரொசைரோ மகளின் கலியாணத்துக்கு லீவு.
யாரும் அறுக்கவில்லை.
அறுக்கவில்லை என்று யாரும் யாருக்கும் சொல்லவுமில்லை.

ஐந்து ஐம்பது.
ஆறு.
சம்பளத்துக்கு இழுக்க வந்த பெடியன்களின் குதிகால்
நேற்றுத்தான் நீர் ஊற்றிய புல்லுக்குள் இறங்கியது.
'ஐயோ என்ட புல்லு' என்று ஓடிவந்த தோட்டக்கார வேலாப்போடி
வடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:
'எங்கட அம்மா தென்சேரிகா!'
வரவேற்பு மேசை ஞானவேணி
குதிச்செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றப் பக்கம்.
றமீஸ் இடுக்கியோடு வந்து நின்றார்.
'எங்க ஆள் குறைவு?'
குறைந்த பக்கம் போய் இழுத்தார்.

அப்போதுதான் மேலே இரண்டாம் மாடியில்
படுக்கைவிரிப்பு மூட்டையை இடுப்பில் வைத்தபடி
அறை கூட்டுகிற பாக்கியம் தொடங்கினாள்:

வடசேரி ஆம்பிளைக்கு வயித்தில பெலன்,
வடம் பிடிக்க வாவெண்டா வாயில பெலன்.

ஜெர்மன்காரர் வழிகாட்டியிடம் என்ன பாடுகிறாள் என்று கேட்டார்.
'வரவேற்கிறா.'

நான் வடசேரி.
கணக்கறை யன்னலைத் திறந்து பதில் சொன்னேன்.
சொன்னதை இங்கே எழுத முடியாது.
பாக்கியம் சிரித்த சிரிப்பில்
மூட்டை அவிழ்ந்து வெள்ளை விரிப்புகள்
ஒவ்வொன்றாகப் புல்லில் விழுந்தன.

எட்டு மணிக்கு
கொம்பு முறியவில்லை, வடம் அறுந்தது.
இரண்டு பக்கமும் மல்லாக்க விழுந்தார்கள்.
வடம் அறுந்தால் யாருக்குத் தோல்வி?
வேலாப்போடி ஒன்று சொல்கிறார், பாக்கியம் ஒன்று.
சமையலறையில் இன்னும் சண்டை ஓயவில்லை.

இறால் கருகியது பற்றி ஏழு முறைப்பாடு.
எட்டாவது துண்டில் ஒரே ஒரு கேள்வி: யார் வென்றது?
அதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

ஏட்டில் எழுதினேன்:
கொம்பு, சோடி ஒன்று. முறியவில்லை. இருப்பில்.
வடம், ஒன்று, வாங்க வேண்டும்,
இதைவிடத் தடிப்பாக.

ரொசைரோ திங்கட்கிழமை வருவான்.
வாள் களஞ்சியத்துக்குள் இருக்கிறது.
திறப்பு என்னிடம்.