நின்றபடி ஓர் அறுவை

மாட்டைப் படுக்கவைப்பதில்லை.
விலா மரத்துப்போக ஊசிகள்,
பிறகு இடப்பக்க வயிற்றுப் பள்ளத்தில் ஒரு சாண் கீறல்.
அயனாவரத்தில், தண்ணீர் லாரி திரும்பும் சந்தில்
மின்கம்பத்தில் கட்டியபடியே அது நிற்கிறது.
என் கை தோள்வரை அதன் உள்ளே.

எடுக்க எடுக்க வருகிறது:
பால் பாக்கெட் உறைகள்,
முடிச்சு அவிழாத சாம்பார் பொட்டலம்,
யாரோ ஒரு ஐ.டி. ஊழியரின் அடையாள அட்டைக் கயிறு,
தாம்பூலப் பை, அதில் மணமக்கள் பெயர் பாதி,
ஒரு சாவி.
இருபத்தாறு கிலோவோடு
எடைபோடுவதை நிறுத்திவிட்டார் உதவியாளர் தேவசகாயம்.
"ஒரு வார்டு குப்பைம்மா இது."

இரண்டு மார்க்கில் மனித வைத்தியம் போய்
வேப்பேரியில் இடம் கிடைத்த அன்று
வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.
"பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாம்ல"
என்று தேற்றினார் சித்தப்பா.
பெண்பார்க்க வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று:
"கையெல்லாம் உள்ள விடுவீங்களா?"
விடுவேன் என்றேன்.
காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அண்ணாநகரில் குளிரூட்டிய மருத்துவமனை,
மாதம் இத்தனை ஸ்கேன் என்று இலக்கு.
தெருநாயை லுங்கியில் சுற்றித் தூக்கிவந்த வாட்ச்மேனிடம்
முன்பணம் ஐயாயிரம் என்று
நான்தான் சொன்னேன், வேறு யாரோ அல்ல.
அவர் சரிங்க என்று சொல்லி
செருப்பை மாட்டிக்கொண்டு போனதை
இன்னும் சில இரவுகளில் பார்க்கிறேன்.

இப்போது ஜெராக்ஸ் கடையாக இருந்த அறை என் கிளினிக்.
தவணை இன்னும் இருபத்து மூன்று.
ஒரே வாரத்தில் ஏழு உயிர்களை உறங்கவைத்தபின்
ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல்
சாவியைக் கையில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
வியாழன் மாலை ஷட்டரை இறக்கிவிட வேண்டும்,
போனை அணைத்துவிட வேண்டும்:
இதை எந்தப் பருவத்திலும் சொல்லித்தரவில்லை.
எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

கடைசித் தையல். நூலை வெட்டுகிறேன்.
"பால் எப்ப ஊத்தலாம்?" என்கிறார் பொற்கொடி.
மருந்து போட்டிருக்கு, ஏழு நாள் கூடாது.
தலையாட்டுகிறார்.
நாலாம் நாளே ஊற்றுவார், தெரியும்.
நானும் அதே முனையில்தான் டீ குடிக்கிறேன்.
பொற்கொடிக்கு மூன்று பிள்ளைகள், ஒரு மாடு.
நாலாம் நாள் போய் நின்றேன்.
திட்டினேன். பாதிப் பணம் வேண்டாம் என்றேன்.
இரண்டில் எது வேலை செய்ததோ,
பாலைச் சாக்கடையில் ஊற்றினார், என் கண்ணெதிரே,
என்னைப் பார்க்காமல்.

மூன்று வாரம் கழித்து
இரங்கல் சுவரொட்டியின் மைதாப் பசையை
நக்கிக்கொண்டிருந்தது அது, சாவகாசமாக.
அட, மறுபடியுமா என்றேன்.
திரும்பிப் பார்த்தது.
என்னை அடையாளம் தெரியவில்லை அதற்கு.
முடி முளைக்கத் தொடங்கிய அந்தக் கோட்டை
எனக்குத் தெரிந்தது:
நேராக, சீராக,
ஒன்பதாவது முடிச்சு மட்டும் கொஞ்சம் விலகி.