சலக் கணக்கு

ஆறு மணி. செவ்விளநீர், நூறு மில்லி.
ஏழு மணி. ஜீவனி, ஐம்பது.
எட்டு மணிக்கு எதுவும் இல்லை. கண் அயர்ந்துவிட்டான்.

நாலாம் குறுக்குத்தெருவில்
வெங்காயக் கடைக்குக் கணக்கெழுதும் கை இது.
வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம்.
தாதி தந்த கடதாசியும் அப்படித்தான்:
குடித்தது இங்கே, போனது அங்கே.
போனதை அளக்க
கழுத்து வெட்டிய சோடாப் போத்தலில்
பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மோசஸ் மூட்டை தூக்குகிறவன்.
லொறிக்கும் கடைக்கும் இடையில்
அவன் முதுகில் இறங்கிய வியர்வைக்கு
யாரும் கணக்கு வைத்ததில்லை.
மத்தியானம் அவன் பைப்பில் வாய் வைத்தால்
தெருவே வற்றிவிடும் என்று பகிடி பண்ணுவோம்.

இப்போது ஒரு கரண்டிக்குக் கெஞ்சுகிறான்.
உதட்டில் வெங்காயச் சருகு போலத் தோல்.

"கூடக் குடுக்காதேங்கோ" என்றார் டொக்டர்.
"தண்ணி வெளியில போகேல்லை.
நரம்பிலயிருந்து கசிஞ்சு
நெஞ்சுக்குள்ள தேங்குது.
ஊத்தினால் அதுவும் அங்கதான் போகும்."
எனக்கு விளங்கியது.
கிட்டங்கி நிறையச் சரக்கு,
கடைத்தட்டு வெறுமை.
டெங்கு என்பது உள்வீட்டுக் களவு.

பத்து மணி. முப்பது மில்லி, அவ்வளவுதான்.
பதினொன்று. போத்தலில் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.
தமிழில் கேட்டு நான் கொடுக்காததால்
சிங்களத்தில் கேட்கத் தொடங்கினான்:
"வத்துர, மிஸ், வத்துர."
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கடதாசியைப் பார்த்தேன்.
பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒற்றிவிட்டுப் போனாள்.
அது எத்தனை மில்லி?

கொட்டாஞ்சேனையில் எங்கள் அறைக்குப் பின்னால்
தின்று எறிந்த தயிர்ச்சட்டி ஒன்று கிடந்தது.
மழை விட்டுப்போன தண்ணீர், மூன்று விரல் உயரம்.
முந்தாநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து
டோர்ச் அடித்துப் பார்த்தார், கவிழ்த்தார்,
துண்டு எழுதித் தந்தார்.
ஒரு மாதமாக அதைத் தாண்டித் தாண்டித்தான்
குளிக்கப் போனேன்.

இரண்டு மணி. மூன்று மணி.
பக்கத்துக் கட்டிலில் யாரோ
தண்ணீர் குடிக்கும் சத்தம், மடக் மடக்கென்று.
என் நாக்கும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
அவனுக்கு முன்னால் குடிக்க முடியவில்லை.

ஐந்தரைக்கு எழுப்பினான்.
போத்தலைப் பிடித்தேன்.
முதலில் சொட்டு, பிறகு நின்றது,
பிறகு சாயத்தேத்தண்ணி நிறத்தில்
கை சுட, நுரைக்க,
இரண்டாம் கோட்டைத் தாண்டியது.

இருநூற்றைம்பது.

அவசரத்தில் வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.
தாதி சிவப்புப் பேனாவோடு வருகிறாள்.
திருத்தட்டும்.