மரியாதைப் பன்மை

சட்டப் பிரிவிலிருந்து வந்த தாக்கீது:
கடன் வாங்கியவர்களை இனி ஒருமையில் விளிக்கக் கூடாது.
அபிஜித் ஷெணாய்க்குத் தமிழ் தெரியாது.
ஒரு வார்த்தைதானே, இன்றிரவே மாற்றிவிடு என்றான்.
இல்லை, என்றார்.

கூட்லு கேட், நான்காவது மாடி, பதினொன்றரை மணி.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கோப்புகள்.
எல்லாவற்றிலும் யாரோ யாரையோ
அதட்டிக்கொண்டே இருந்தார்கள்:
நீ கட்டத் தவறினாய். இனி நீ தப்ப முடியாது.
(உன், உன்னை, உனக்கு எல்லாம்
அடுத்த வாரம் என்று குறித்துவைத்தேன்.)

ஃபைண்ட் தேடித் தேடி எடுத்து நீட்ட
செட் ஒவ்வொன்றாய் வாங்கித் திருத்தும்.
நீ இருக்கும் இடமெல்லாம் நீங்கள்.
ஒரே வரி. எண்டர்.
காரியம் முடிந்தால் வாய் திறக்காத ரகம் ஷெல்.
டாலர் குறி வந்து நின்றது. அவ்வளவுதான்.
இரண்டு விநாடியில் ஒரு கம்பெனியே
பணிவு கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

முதல் கோப்பில்
நீங்கள்திமன்ற நடவடிக்கை எடுக்கப்படும்.
அடுத்ததில், கெடு நீங்கள்ட்டிப்பு கிடையாது.
மாதிரி வாடிக்கையாளர் நீலாவதி, திருநீர்மலை,
நீங்கள்லாவதி ஆகி
திருநீங்கள்ர்மலைக்குக் குடிபோயிருந்தார்.
முன்பே மரியாதையாய் எழுதியிருந்த இடங்களில்
நீங்கள்ங்கள்.
பன்மைக்கு மேல் ஒரு பன்மை, அரசர்களுக்கும் கிட்டாதது.
தண்ணீர் கேன் கடைக்கான கடனில் மட்டும்
தண்ணீர் தப்பியிருந்தது.
அது மூன்று சுழி.

திருப்பிப் போட்டேன்: நீங்கள் எல்லாம் நீ.
நீதிமன்றம் வந்தது, மலை வந்தது,
நீங்கள்ங்களும் ஒரு ங்களை உதிர்த்துவிட்டு
ஒழுங்காய் நீங்கள் ஆனது.
ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு செய்த தப்பு
வந்த வழியே திரும்பிவிட்டது.

பிறகுதான் கவனமாகச் செய்தேன்.
முன்னும் பின்னும் ஒரு இடைவெளி விட்டு
தனியாய் நிற்கும் நீயை மட்டும் பிடி என்றேன்.
பிடித்தது.
நீங்கள் கட்டத் தவறினாய்.
வாசலில் கைகூப்பி வரவேற்று
வினைமுற்றில் சட்டைக் காலரைப் பற்றியது வாக்கியம்.
மிரட்டல் அப்படியேதான் இருந்தது,
செருப்பை மட்டும் வெளியே கழற்றியிருந்தது.
இப்போது திருப்பவும் முடியாது.
முதலிலேயே நீங்களாய் இருந்தவர் யார்,
இன்றிரவு நீங்கள் ஆனவர் யார்,
இரண்டும் ஒரே முகம்.
நகல் எடுத்து வைத்தாயா என்று ஷெல் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றரை மணிக்கு டார்ச்சோடு ரோந்து வந்த
காவலர் சித்தலிங்கப்பா
கதவோரம் நின்று, ஊட்ட ஆய்த்தா? என்றார்.
ஆச்சு என்றேன், ஆகவில்லை.
லிஃப்ட் இறங்கும் சத்தம் போன பிறகும்
அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
நீயும் இல்லை, நீங்களும் இல்லை.
சாப்பாடு இருந்தது. ஆயிற்றா என்பது இருந்தது.

கையாலேயே தொடங்கினேன்.
எழுவாயை எடு. வாலை வெட்டு.
தவணை நாள் ஐந்து. தொகை இரண்டாயிரத்து நாற்பது.
சிரமம் இருந்தால் இந்த எண்ணில் சொல்லலாம்.
கடைசி வரி யாரும் கேட்காதது. நான் சேர்த்தது.
ஷெணாய்க்குத் தமிழ் தெரியாது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது, ஒரு சோதனைக் கோப்பு.
வேலையை விட்டு இரண்டு வருடம் முன்பே போன யாஸ்மின்
இடம் நிரப்ப ஏதோ தட்டிவைத்த ஒற்றை வரி:
நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?
வரியின் முதல் சொல், முன்னால் இடைவெளி இல்லை,
அதனால் என் வலைக்குத் தப்பியிருக்கிறது.
அதைத் தொடவில்லை.

ஏழு மணிக்கு ஷெணாயின் செய்தி: முடிந்ததா?
அதிலும் எழுவாய் இல்லை.
இன்னும் இரண்டாயிரத்து நூற்று நான்கு.