இரண்டு அங்குலம்

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடிப் பட்டறை.
இரவுப் பணி முடிந்த காலைகளில்
விமான இஞ்சின் வாசம் போகாத கைகளோடு
இதைப் பிரிக்கிறேன்.

பி.எஸ்.ஏ. எம் இருபது. ஒற்றை உருளை.
விற்றவர் கோ சியாக் நீ. அவர் அப்பாவின் மீன் வண்டி.
அதற்கு முன்?
"சுங்கை ரோடு" என்றார்,
எல்லாக் கேள்விக்கும் அங்கே பதில் கிடந்ததுபோல.
அந்தச் சந்தையையும் மூடிவிட்டார்கள்.

டேங்கைச் சுரண்டினால்
மீன்காரரின் சிவப்பு,
அடியில் யாரோ தூரிகையால் அப்பிய கறுப்பு,
கடுகு நிறத்தில் ஒரு மெல்லிய தோல்,
கடைசியில் பட்டாளத்துப் பச்சை.
பச்சையில் வெள்ளை எண்கள், பாதி.
ஒன்பதா ஏழா என்று மூன்று வாரம்
டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
ஏழு.

இங்கிலாந்தில் பழைய பேரேடு புரட்டும் ஓர் ஆசாமி
பதினெட்டுப் பவுண்டுக்கு ஒரு வரி அனுப்பினார்:
தொலைகிழக்கு. பிப்ரவரி நாற்பத்திரண்டு. அழிக்கப்பட்டது.

அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் படித்தேன்.

போக்குவரத்து ஆணையத்தின் முகப்பில்
மரியாதையான ஒரு பையன் கேட்டான்:
"இந்தக் கடிதப்படி வண்டியே இல்லையே, அக்கா?"

பேரேடு பொய் சொல்லவில்லை.
சிலிண்டரைத் தூக்கியபோது தெரிந்தது.
எண்ணெயை வடித்துவிட்டு
முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள், இறுகிச் சாகும்வரை.
எதிரி கைக்குப் போகக் கூடாதென்றால்
அப்படித்தான் கொல்வார்களாம்.
கனெக்டிங் ராடில் வெந்த நீலம்.
சுவரில், கடைந்தும் போகாத இரண்டு கோடுகள்.
கணக்கெழுதியவர் சரியாகத்தான் எழுதினார்.
அவர் எந்த முகாமில் என்ன ஆனாரோ.

பிறகு யாரோ எழுப்பியிருக்கிறார்.
கடைந்த உருளைக்குள்
ஒரு லாரியின் பிஸ்டன், விளிம்பு சீவி.
மயிரிழை கோணவில்லை.
எந்த மொழியில் வைதபடி,
எந்த அரிசிக்காக,
கையெழுத்தில்லாத இந்த வேலை?

இன்னொன்று.
உதைக்கும் கம்பியை அறுத்து
இரண்டு அங்குலம் கீழே இறக்கிப்
பித்தளையால் பற்றவைத்திருந்தது.
கோவின் அப்பா ஆறடி. படத்தில் பார்த்தேன்,
மீன் கூடைகளுக்கு மேல் கொக்குபோல.
அவர் செய்திருக்க மாட்டார்.
பட்டாளம் செய்யாது.
வேறு ஒருவர். குட்டையானவர்.
சிறுவனோ கிழவனோ பெண்ணோ,
என் தேடல் இதோடு நிற்கிறது.

பர்மிங்காமிலிருந்து அசல் கம்பி வந்தது,
எண்ணெய்த் தாளில் சுற்றி, தொண்ணூறு பவுண்டு.
சங்கத்து ரஸ்லான் அதைக்
கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.
பூட்டினேன். ஏறி நின்றேன்.
பாதம் எட்டவில்லை.

நான் நாலடி பதினொன்று.
விமானத்துக்கென்றால் ஏணி தருவார்கள்.

எந்த நிறம் பூசுவதென்று இன்னும் முடிவாகவில்லை.
அசலைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுப்
பழையதை மாட்டினேன்.
வால்வைத் தூக்கி, தீப்பொறியைத் தாமதித்து,
யாரோ எனக்காக அளந்து வைத்த உயரத்தில்
காலை வைத்தேன்.
மூன்றாம் உதையில் இருமியது.
நாலாவதில்
கீழ்மாடிப் பெயின்டுக் கடைக்காரர்
படியேறி வந்து கதவருகே நின்று கத்தினார்.
வாய் அசைந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.