முக்காற்புள்ளிக்குப் பின்

லியபாயா துறைமுகத்தில்
மாலுமிகளின் பழைய பேரேட்டை
எக்ஸ்எம்எல்லிலிருந்து அச்சுக்கு மாற்றுகிறாள் சைகா.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.

முதல் அச்சில் பக்கத்துக்குப் பக்கம்
திரும்பிய நாள்:
திரும்பிய நாள்:
முக்காற்புள்ளிக்குப் பின் ஒன்றுமில்லை.
"பல் போன வாய் மாதிரி இருக்கிறது,
எடுத்துவிடு" என்றார் ஐனார்ஸ்.

டேக் இருக்கிறதா என்று கேட்டாள்.
இருக்கிறது என்றது ஸ்டைல்ஷீட்.
கேள்விதான் தப்பு.
வீடு இருக்கிறதா என்றால் இருக்கத்தான் இருக்கிறது;
உள்ளே ஆள் உண்டா
என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.

மாற்றிக் கேட்டாள்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்
முந்நூற்றுத் தொண்ணூறாக இளைத்தது.
அப்படியும் ஒரு வரி போக மறுத்தது.

எர்வின்ஸ் காக்டின்ஷ், கப்பலில் கரி அள்ளுபவர்.
திறக்கும் டேக்குக்கும் மூடும் டேக்குக்கும் நடுவே
வெறும் இடைவெளிகள்.
கர்சரை ஒவ்வொன்றாய் நகர்த்தி எண்ணினாள்:
பத்து.
நாள், புள்ளி, மாதம், புள்ளி, ஆண்டு
சரியாக ஒரு தேதியின் அகலம்.
தட்டச்சு செய்த யாரோ
இடம் போட்டு வைத்திருக்கிறார்.

இடைவெளியை வழித்தெடுக்க
இன்னும் ஒரே ஒரு சொல் போதும்,
அதுவும் காலி என்றாகிவிடும்.
அதை எழுதினாள். ஓட்டவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு
டிராம் பிடிக்கப் போனாள்.