பதினேழுக்கு மேல்

பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.
ஈரமானி பத்தொன்பது என்றது.

"அதப் புடிச்சிருக்கிற ஆளு
பத்தாங்கிளாஸ மூணு தடவ எழுதினவன்"
என்றார் மாசிலாமணி.
சிரித்தோம்.
எண் மாறவில்லை.

"ஒரு மூட்டைக்கு விட்டா
நாளைக்கு வெண்ணாத்தையே
சாக்குல கட்டிக் கொண்டாருவீங்க"
என்றான் அவன்.
அதற்கும் சிரித்தோம், கொஞ்சம் குறைவாக.

மெஷின் வந்த வருஷம்தான்
அறுப்பில் மழையும் வந்ததாம்,
யாரோ கணக்குச் சொன்னார்கள்.
யாரோ கேட்டார்கள்:
நீ விவசாயி பக்கமா, அரசாங்கத்துப் பக்கமா?

இன்னொரு பக்கமும் இருந்தது.
தார்ப்பாய்க்கு அடியில்
வெள்ளையாய் முளைவிட்டுக்கொண்டு.

நான் பட்டியல் எழுதுகிறவள்.
எந்தப் பேச்சில் எங்கே பொத்தல் என்று
கோணியூசிக்குத் தெரிவதுபோல் தெரியும்.
கார்பன் தாளை மாற்றி வைத்து
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ராத்திரி தங்கச்சி கேட்டாள்,
"தெரிஞ்சும் ஏன் பேசல?"

"அங்க யாருமே பேசலையே."

சொல்லிவிட்டுப் படுத்தேன்.
எங்கிருந்தோ
நெல் சிந்துகிற சத்தம்,
விடிகிற வரை.