நேர்கோட்டில் ஏழு

இரவு பதினொன்றுக்குப் பிறகுதான்
மேற்கணக்குக்கு சிக்னல் ஏறி வரும்,
அதுவும் பீலிப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும்.
மடியில் லெப்டொப். வரிக்கு நாலு ரூபாய்.
புறப்படும் நகரம், சேரும் நகரம், தூரம், நேரம்.

இன்றைக்குத் தென்னமெரிக்கா.
லா பாஸ் – லிமா:
ஆயிரத்து எழுபத்தேழு கிலோமீற்றர்,
ஏறக்குறைய இரண்டு மணிநேரம்.
நடுவில் மலை இருக்கிறது.
அட்டவணையில்
மலைக்குக் கட்டமில்லை.

லா பாஸில் காலை ஆறுக்கு ஏறினால்
லிமாவில் இறங்கும்போது ஏழுதானாம்.
மேற்கே போகிறவனுக்கு வானம்
ஒரு மணிநேரத்தை மிச்சக்காசாய்த் திருப்பித் தருகிறது.
எங்கள் கடைக்காரன் மிச்சத்துக்கு
டொபிதான் தருவான்.

தூக்கம் வராமலிருக்க
கீழே இன்னொரு வரி தட்டினேன்.
மேற்கணக்கு – டிக்கோயா ஆஸ்பத்திரி:
நேர்கோட்டில் ஏழு.
அந்த ஏழில் இரண்டு காசல்ரீ தண்ணீர்.
காகம் போகும்.
பாதையால் இருபத்து மூன்று.
நேரம் என்ற கட்டத்தில்
விரல் நின்றுவிட்டது.

தோட்டத்து லொறி கொழுந்தோடு போயிராவிட்டால்,
கேற்றுக்காரன் விழித்திருந்தால்,
ஆறாம் நம்பர் மலை
பாதைமேல் வந்து படுக்காவிட்டால்
என்றெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியாது.
அது எண் மட்டும்தான் வாங்கும்.

ஆவணியில் ஜெசிந்தாவுக்கு வலி கண்ட இரவு
லொறி போயிருந்தது. கேற்று பூட்டியிருந்தது.
மலை மட்டும் தன் இடத்தில் இருந்தது,
அந்த மட்டும் நல்லது.
பிரியந்தவின் ஓட்டோ முதல் கியரிலேயே அழுதது.
தங்கச்சி வலியை எண்ணவில்லை,
வளைவுகளை எண்ணினாள்.
பதினாலு என்றாள்.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.

மதகோரம் நிறுத்தி, லைட்டை அணைக்காமல்,
பிரியந்த அணைக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றான்,
தன் சேட்டைக் கழற்றிப் பின்னால் நீட்டியபடி.
என் கையில்தான் விழுந்தாள்.
சூடாக இருந்தாள். இவ்வளவு சூட்டை
இந்தக் குளிரில் நான் தொட்டதில்லை.

பதிவுக் கந்தோரில் கேட்டார்கள்: பிறந்த இடம்?
"பதினாலாவது வளைவு" என்றான் ரெஜினோல்ட்.
எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு
டிக்கோயா என்று எழுதினார்.
பிள்ளை பிறந்து ஐம்பது நிமிடம் கழித்துப்
போய்ச் சேர்ந்த ஊர் அது.
மிச்சக்காசு.

நாலு மணிக்கு அனுப்பினேன்.
ஐந்துக்குக் கொழும்பிலிருந்து பதில்:
லா பாஸ் வரி பிழை,
இரண்டு மணிநேரம் பறந்தவன்
ஒரு மணிநேரத்தில் எப்படி இறங்குவான்?
விளக்கி எழுதினேன்.
சரி என்றார்கள்.

கடைசி வரியை அழிக்க மறந்தது
பிரட்டுக்கு ஆள் கூப்பிடும்போதுதான் நினைவு வந்தது.
நேரம் வெறுமையாய்க் கிடக்க
அதுவும் போயிருக்கிறது
லிமாவுக்குக் கீழே.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மாத முடிவில்
அதற்கும் நாலு ரூபாய் வந்தது.